வாடகை வீட்டில் ஒரு தொட்டிக் கடுகு

மைய அரசுப் பணியாளர்களின் குடும்பங்கள் பல, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஊர்விட்டு ஊர் செல்கின்றன. இதனால், "எப்படியும் இவ்வூரைவிட்டுப் போகத்தானே போகிறோம், இங்கே எதற்குச் செடியும் கொடியும்?" என்னும் பேச்சு பெங்களூருவின் பணியாளர் குடியிருப்புகளில் அடிக்கடி எழுகிறது. கேட்பதற்கு நியாயமாகத் தோன்றினாலும் இப்பேச்சு ஏற்கத்தக்கதன்று. நாம் வாழும் மண்ணை அறியாமலே அதனைக் கடந்துபோகும் பழக்கத்தை அது நம்முள் வளர்த்துவிடும். குறுகிய காலம் தங்குபவர்க்கும் ஒரு பயிர் உண்டு. அது கடுகு.

மாவும் தென்னையும் பலன்தரப் பல ஆண்டுகள் ஆகும். கடுகு ஒருபருவப் பயிர். அக்டோபர் இறுதியில் விதைத்தால் ஏறத்தாழ நான்கு மாதங்களில் விதை முற்றிவிடும். ஆண்டுத் தேர்வு நெருங்குமுன் அறுவடையும் முடியும். விதை, முளை, இலை, பூ, காய், மீண்டும் விதை என்னும் முழு வட்டத்தையும் ஒரே கல்வியாண்டில் நம் கண்முன் காட்டும் பயிர் இது. கோடையில் மாறுதல் ஆணை வந்தாலும் கவலையில்லை. பயிர் தன் கடமையை முடித்திருக்கும்.

மண்ணுக்கு உரிய பயிர்

கடுகு என்றதும் இராசத்தானின் மஞ்சள் வயல்களே பலர் நினைவுக்கு வரும். இந்தியாவில் மிகுதியாகக் கடுகு விளைவது அங்கேதான். ஆயினும், பெங்களூருக்கும் இப்பயிர் புதியதன்று. இந்நகரைச் சூழ்ந்த செம்மண் நிலங்களில் கேழ்வரகே முதன்மைப் பயிர். கேழ்வரகுக்கு இடையிடையே அவரை, துவரை, ஆமணக்கு, பேயெள்ளு, கடுகு ஆகியவற்றைத் தனி வரிசைகளாக விதைப்பது இப்பகுதி உழவர்களின் பழைய முறை. கன்னடத்தில் இதனை 'அக்கடி' என்பர். மழை பொய்த்து ஒரு பயிர் கெட்டாலும் மற்றொன்று கைகொடுக்கும் என்பது இதன் உட்கருத்து. நாம் தொட்டியில் கடுகை விதைக்கும்பொழுது இவ்வூர் உழவரின் அறிவில் ஒரு துளியைப் பெறுகிறோம்.

கன்னடத்தில் கடுகின் பெயர் 'சாசிவெ'. கடுகையும் தேங்காயையும் அரைத்துத் தயிருடன் கலந்து, வெள்ளரிக்காய் சேர்த்துச் செய்யும் உணவுக்கும் அதுவே பெயர். அம்பியில் உள்ள ஒற்றைக்கல் பிள்ளையார் சிலை ஒன்று 'சாசிவெகாளு கணேசர்' எனப்படுகிறது. தமிழிலும் கடுகின் வரலாறு நீண்டது. சங்க இலக்கியம் வெண்சிறு கடுகை 'ஐயவி' என்று குறிக்கும். போரில் புண்பட்டோர் இருந்த மனைகளில் ஐயவி புகைத்த செய்தியைப் புறநானூறு கூறுகிறது. அண்டை வீட்டாரின் மொழியிலும் நம் மொழியிலும் ஒருசேர வேரூன்றிய பயிரை அயலூர்ப் பயிர் என்று எவ்வாறு ஒதுக்க இயலும்?

வளர்க்கும் முறை

கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் பெங்களூருவின் பனிக்காலம் இதமானது. குளிர்ந்த, ஈரப்பதம் மிகாத அக்காலமே கடுகுக்கு ஏற்றது. ஒரு சாண் ஆழமும் அடியில் நீர் வடியத் துளையும் உள்ள தொட்டி போதும். பழைய வாளியும் ஆகும். செம்மண், மட்கிய உரம், சிறிது மணல் ஆகியவற்றைக் கலந்து நிரப்புக. அஞ்சறைப் பெட்டியில் உள்ள முழுக் கடுகே பெரும்பாலும் முளைத்துவிடும். அரை விரற்கடை ஆழத்தில் தூவி, மெல்லிய மண்ணால் மூடி, பூவாளியால் நீர் தெளிக்க வேண்டும். ஒரு வாரத்திற்குள் முளை தோன்றும்.

நெருக்கமாக முளைத்த நாற்றுகளைக் களைவது பலர்க்கு மனம் வராத செயல். ஆனால், செடிக்குச் செடி அரைச்சாண் இடைவெளியேனும் இல்லையெனில் எதுவும் திரண்டு வளராது. களைந்த இளநாற்றுகளைக் கீரையாகச் சமைக்கலாம். எனவே, அது வீணன்று. நாள்தோறும் ஐந்தாறு மணி நேரமாவது வெயில் படவேண்டும். மேல்மண்ணை விரலால் தொட்டுப் பார்த்து, அது உலர்ந்திருந்தால் மட்டுமே நீர் விடுக. தேங்கிய நீர் வேரை அழுகச் செய்யும்.

மேகமூட்டமான குளிர்நாள்களில் அசுவினிப் பூச்சிகள் குருத்திலும் பூங்கொத்திலும் அடையாய்ப் படியும். தொடக்கத்திலேயே நீரைப் பீய்ச்சிக் கழுவிவிடலாம். மிகுந்தால், ஒரு லிட்டர் நீரில் ஐந்து மில்லிலிட்டர் வேப்பெண்ணெயும் சில துளி சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் தெளிக்கலாம். பொறிவண்டு தென்பட்டால் அதனை விரட்டலாகாது. அசுவினியே அதன் உணவு.

தண்ணீர் பற்றிய கேள்வி

"குடிக்கவே நீர் போதாத நகரில் தோட்டம் எதற்கு?" என்று சிலர் கேட்பர். இது புறந்தள்ளத்தக்க கேள்வியன்று. பெங்களூருவின் காவிரி நீர் ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தொலைவிலிருந்து, பல நூறு மீட்டர் உயரத்திற்கு ஏற்றிக் கொண்டுவரப்படுகிறது. 2024 மார்ச்சு மாதத்தில் தட்டுப்பாடு முற்றியபொழுது, வாகனம் கழுவுதல், தோட்டத்திற்குப் பாய்ச்சுதல் முதலியவற்றிற்குக் குடிநீரைப் பயன்படுத்த நகரின் குடிநீர் வாரியம் தடை விதித்தது. மீறினால் 5,000 ரூபாய் தண்டம் என அறிவித்தது. அத்தடை சரியானதே.

ஆனால், அதிலிருந்து நாம் பெறவேண்டிய பாடம் தோட்டத்தைக் கைவிடுவதன்று. காலமறிந்து, நீர் அறிந்து பயிரிடுவதாகும். கோடையில் புல்வெளியை நனைப்பதும் பனிக்காலத்தில் ஒரு தொட்டிக் கடுகை வளர்ப்பதும் ஒன்றாகா. பருவமழை விட்டுச்சென்ற ஈரத்தில் விதைத்து, கோடை முற்றுமுன் அறுக்கும் பயிர் இது. அரிசியும் காய்கறியும் கழுவிய நீரே ஒரு தொட்டிக்குப் போதுமானது. சோப்பு மிகுந்த நீரை மட்டும் தவிர்க்க வேண்டும். தன் கையால் அளந்து ஊற்றும் சிறுவனே நீரின் அருமையை அறிவான்.

கடையில் கிடைக்காதது

"கடையில் மலிவாகக் கிடைக்கும் கடுகுக்காக நான்கு மாதம் காத்திருப்பதா?" என்பது மற்றொரு கேள்வி. ஒரு தொட்டியில் விளையும் கடுகு சில தாளிப்புகளுக்குமேல் வாராது என்பது உண்மையே. ஆயினும், அத்தொட்டி தருவது கடுகு மட்டுமன்று. சிலுவை வடிவில் நான்கு மஞ்சள் இதழ்கள், நான்கு நெடிய மகரந்தத் தாள்கள், இரண்டு குறுந்தாள்கள் எனத் தாவரவியல் நூலின் படம் சாளரத்தருகே உயிருடன் நிற்கும். காலையில் தேனீ வரும்.

'கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது' என்பர். அக்காரம் முழு விதையில் வெளிப்படுவதில்லை. நீர் சேர்த்து நசுக்கும்பொழுது விதையினுள் தனித்தனியே இருக்கும் ஒரு நொதியும் ஒரு வேதிப்பொருளும் கலந்து காரத்தைப் பிறப்பிக்கின்றன. சூடான எண்ணெயில் அந்நொதி செயலிழந்துவிடும். தாளித்த கடுகு மணக்க, அரைத்த கடுகு மூக்கைத் துளைப்பதன் காரணம் இதுவே. விளைத்தவன் இதனை அறியாமல் விடமாட்டான்.

ஒன்றை மட்டும் வலியுறுத்துவேன். கீரையைப் பறித்துவிட்டு, செய்முறைப் பயிற்சி முடிந்தது என்று தொட்டியைக் கவிழ்த்துவிடாதீர்கள். இரண்டு செடிகளையேனும் காய் முற்றும்வரை விட்டுவையுங்கள். இலை உதிர்ந்து, தண்டு பழுத்து, அழகு குன்றிய அக்கடைசி வாரங்களில்தான் விதை முற்றுகிறது. காய்கள் மஞ்சளானதும், வெடித்துச் சிதறுமுன், காலைப் பனி ஈரத்திலேயே அறுத்து, துணியில் உலர்த்தித் தட்டி எடுங்கள். காத்திருத்தலைக் கற்பிக்கும் பாடம் வேறு எந்த நூலிலும் இதைவிட எளிதாக இல்லை.

மாறுதல் வந்தால் மண்நிறைந்த தொட்டியை அடுத்து வரும் குடும்பத்திற்கு விட்டுச் செல்லலாம். விதையில் ஒரு பிடியைத் தாளில் மடித்து உடன்கொண்டு செல்லலாம். வாடகை வீடு பிறருடையதாக இருக்கலாம். அங்கு வாழும் காலம் நம்முடையதே. அதனைத் தரிசாக விடுவது முறையன்று.

சிந்தித்து எழுதுக

1. குறுகிய காலம் தங்குவோர்க்குக் கடுகு ஏற்ற பயிர் எனக் கட்டுரை கூறுவதற்கான காரணங்கள் யாவை?
2. 'அக்கடி' முறையின் உட்கருத்தை விளக்குக.
3. நீர்த்தட்டுப்பாடு உள்ள நகரில் வீட்டுத்தோட்டம் தேவையா? உம் கருத்தைக் காரணங்களுடன் ஒரு பக்க அளவில் எழுதுக.