பழைய காரில் மாற்றலாம், மறைக்கலாகாது

பாட்டனார் ஓட்டிய காரைச் செப்பனிட்டுப் பேணுவது வீண் விரயமன்று. ஓடக்கூடியதைக் குப்பையில் எறிவதே விரயம். ஆயினும் அதன் கியர்பாக்ஸையும் பின்புற ஸ்பிரிங்கையும் மாற்றுவோருக்கு இரு கடமைகள் உண்டு: ஏறுவோரின் உயிரைக் காப்பது, செய்ததை மறைக்காதிருப்பது.

1961 முதல் சென்னையில் உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டை எடுத்துக்கொள்வோம். அதன் பின்சக்கரங்கள் தனித்தனி அரை அச்சுகளில் மேலும் கீழும் அசையும். குறுக்கே கிடக்கும் ஒரே பட்டை ஸ்பிரிங் இரண்டையும் தாங்கும். வளைவில் வேகமாகத் திரும்பும்போது சட்டென ஆக்ஸிலரேட்டரை விட்டால், வெளிப்பக்கச் சக்கரம் உள்மடிந்து பிடிப்பை இழக்கக்கூடும். 1972-இல் வந்த கெஸல் காரில் அந்நிறுவனமே இவ்வமைப்பைக் கைவிட்டு, ஒரே இறுகிய அச்சைப் பொருத்தியது. தயாரித்தவரே மாற்றியிருக்க, பழைய காரில் ஒரு திருகும் மாறலாகாது என்போரின் வாதம் நிற்காது.

எதையும் எதிலும் பொருத்தலாம் என்போரையும் ஏற்பதற்கில்லை. ஹெரால்டின் கியர்பாக்ஸை, மேல்மூடியைக் கழற்றிக் காருக்குள்ளிருந்தே வெளியே எடுக்கலாம். அதே வகைக் கியர்பாக்ஸ் கிடைத்தால் வேலை எளிது. வேறொரு காரின் கியர்பாக்ஸைத் திணித்தால் நீளம் மாறும். புரொப்பெல்லர் ஷாஃப்டை வெட்டிச் சமன்செய்ய நேரும். சேஸியிலும் கை வைக்க நேரலாம். 2021-இல் வந்த மத்திய விதிகளோ, 50 ஆண்டு கடந்து, மூல வடிவம் மாறாத வாகனங்களுக்கே தொன்மைப் பதிவு அளிக்கின்றன. சேஸியை வெட்டியவர் அத்தகுதியையும் வெட்டிக்கொள்கிறார்.

கடலூர், பரங்கிப்பேட்டை போன்ற நம் கரையோர ஊர்களில் உப்புக்காற்று இரும்பை அரிக்கும். துருவேறிய பிடிமானத்தில் புது ஸ்பிரிங்கை முடுக்குவது மணலில் தூண் நடுவதற்கு ஒப்பாகும். முதலில் துருவைச் சுரண்டிப் பாருங்கள். வேலை முடிந்ததும் சிறிது தூரம் தனியே ஓட்டி, போல்ட்டுகளை மீண்டும் முடுக்குங்கள். அதன் பின்னரே குடும்பத்தாரை ஏற்றிச் சிதம்பரம் செல்லுங்கள்.

விற்க நேர்ந்தால் மாற்றிய ஒவ்வொன்றையும் எழுதிக் கொடுங்கள். நனைந்த தானியத்தை அடியில் மறைத்து வைத்த வணிகரை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கண்டித்ததை நாம் அறிவோம். பளபளக்கும் வண்ணத்தின் கீழ் ஒட்டுப்போட்ட சேஸியை மறைப்பது அதனினும் கொடிது. தானியம் நனைந்தால் பணம் போகும். அச்சு முறிந்தால் உயிர் போகும்.