கோவாவுக்குக் குடும்பத்தோடு போகலாமா?



கோவா என்ற பெயரைக் கேட்ட மாத்திரத்திலேயே நம் இல்லத்துப் பெரியவர்கள் முகம் சுளிப்பதுண்டு. குடியும் கூத்தும் மலிந்த கடற்கரை என்றே அதனை நாம் அறிந்து வைத்திருக்கிறோம். அத்தகைய கடற்கரைகள் அங்கு இருக்கத்தான் செய்கின்றன. ஆயினும், 3,702 சதுர கிலோ மீட்டர் மட்டுமே பரப்புள்ள, நாட்டிலேயே மிகச் சிறிய அந்த மாநிலத்தில் நம் பிள்ளைகள் காண வேண்டியவை கடலை விட்டுச் சற்று உள்ளே தள்ளி இருக்கின்றன.

முதலில் போண்டா நகருக்குச் செல்லுங்கள். ஊரை ஒட்டி, பெல்காம் சாலையில் ஸஃபா பள்ளிவாசல் நிற்கிறது. பீஜப்பூர் ஆதில்ஷாஹி சுல்தான்களின் காலத்தில், 1560-ஆம் ஆண்டு கட்டப்பட்டது. வானளாவிய மினாராக்கள் இல்லை. ஓடு வேய்ந்த சாய்கூரையுடன் கேரளத்துப் பழைய வீடு போன்ற எளிய தோற்றம். அருகே செந்நிறக் கல்லால் படி கட்டிய குளம். அதன் சுவர்களில் மிஹ்ராப் வடிவில் குடைந்த சிறு மாடங்களை எண்ணிப் பார்க்கும்படி பிள்ளைகளிடம் சொல்லுங்கள். பொழுது போவதே தெரியாது. (படிகளில் பாசி இருக்கும், கவனம்!)

இப்பள்ளி எஞ்சியது எவ்வாறு? 1510 நவம்பரில் அல்புகெர்க் கோவா நகரைக் கைப்பற்றியபோது அங்கிருந்த முஸ்லிம்களை வெட்டிக் கொன்றதைத் தம் மன்னருக்கு அவரே கடிதத்தில் எழுதினார். போண்டாவோ 18-ஆம் நூற்றாண்டில்தான் போர்ச்சுகீசியர் வசம் நிலையாகச் சென்றது. அதனால் தப்பியது பள்ளிவாசல் மட்டுமன்று; அவர்களது ஆட்சிப் பகுதியிலிருந்து எடுத்து வரப்பட்ட தெய்வங்களுக்கும் இவ்வட்டாரமே புகலிடமாயிற்று. மங்கேஷி கோயில் அவற்றுள் ஒன்று.

பிறகு பழைய கோவா. அங்குள்ள பெரிய தேவாலயங்களை உலகமே வந்து பார்க்கிறது. நாமும் மரியாதையுடன் பார்க்கலாம். நம் முத்துக்குளித்துறை மீனவரிடையே உழைத்த பிரான்சிஸ் சவேரியாரின் உடல் பாம் ஜீசஸ் ஆலயத்தில்தான் வைக்கப்பட்டுள்ளது. ஆனால், பெரும்பாலோர் திரும்பியும் பாராமல் கடந்து செல்லும் ஒன்று அதே ஊரில் உண்டு. ஆதில்ஷாவின் அரண்மனையில் மிச்சமிருக்கும் ஒற்றை வாசல் அது. அரண்மனை போய்விட்டது, வாசல் மட்டும் நிற்கிறது. அங்கே ஐந்து நிமிடமாவது நில்லுங்கள்.

பயணம் எளிது. அம்பத்தூர், ஆவடி வழியே மேற்கு நோக்கி ஓடும் நம் இருப்புப் பாதைதான் பெங்களூரைத் தொட்டு, ஹூப்ளி, லோண்டா மார்க்கமாகக் கோவாவுக்கும் செல்கிறது. மலையிறக்கத்தைப் பகலில் கடக்கும் வண்டியாகத் தேர்ந்தெடுங்கள்; தூத்சாகர் அருவியின் முன்பாகவே ரயில் செல்லும். ஜூன் முதல் செப்டம்பர் வரை அங்கே கொட்டும் மழை. காலாண்டு விடுமுறையில் மழை தணியத் தொடங்கியிருக்கும்; அருவியிலும் நீர் நிறைந்திருக்கும். டிசம்பர் கடைசி வாரம் மட்டும் வேண்டாம். புத்தாண்டுக் கும்மாளமும், அதற்கேற்ப ஏறிவிடும் விடுதி வாடகையும் குடும்பத்தோடு செல்வோருக்கு ஒத்துவாரா.