பசுமைப் பட்டாசு லோகோ: பார்த்ததும் நம்பலாமா? நல்ல டிசைன் என்றால் என்ன?

தீபாவளிக்கு முந்தின நாள் இரவு. பட்டாசுக் கடையில் கூட்டம். ஒரு கையில் பை, இன்னொரு கையில் குழந்தை. கடைக்காரர் நீட்டும் பெட்டியில் பசுமைப் பட்டாசு லோகோ இருக்கிறது, பக்கத்திலேயே ஒரு கியூஆர் கோடு. அது அசல்தானா என்று எத்தனை பேர் பார்ப்போம்?

இதைக் கேட்டால் சட்டப் பிரச்சினை மாதிரி தெரியும். ஆனால், இதில் பாதி டிசைன் பிரச்சினை.

லோகோ எப்படி வந்தது?

2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், புகையும் சத்தமும் குறைந்த பட்டாசுகளுக்கு மட்டுமே அனுமதி என்று உத்தரவிட்டது. சரவெடிக்கும் பேரியம் உப்புகளுக்கும் தடை வந்தது. நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட ‘நீரி’ ஆய்வு நிறுவனம் மாற்று ஃபார்முலாக்களை உருவாக்கியது. 2019-ல் அவை விற்பனைக்கு வந்தபோது, அடையாளம் காண லோகோவும் கியூஆர் கோடும் அறிமுகமாயின.

சிவகாசி, நாரணாபுரம் வட்டாரத்தில் இது பெரிய மாற்றம். ஃபார்முலா, மூலப்பொருள், சான்றிதழ் எல்லாமே மாற வேண்டும். அப்படிச் செலவு செய்து மாறியவரையும் மாறாதவரையும் வாங்குபவர் பிரித்துப் பார்க்க, கண்ணுக்குத் தெரியும் ஒரே ஆதாரம் பெட்டியின் மேல் இருக்கும் அந்தச் சின்ன இடம்தான்.

குருவி வெடிக்குப் பெயர் வைத்தது யார்?

இந்த ஊருக்கு டிசைன் புதிதல்ல. தீப்பெட்டி, பட்டாசு லேபிள்களுக்காக வளர்ந்ததுதான் சிவகாசியின் அச்சுத் தொழில். பழைய தீப்பெட்டி லேபிளை நினைத்துப் பாருங்கள். இரண்டு விரல் அகல இடம், சில நிறங்கள், நடுவில் ஒரு படம். எழுத்துப் படிக்கத் தெரியாதவரும் “சேவல் மார்க் கொடுங்க”, “அணில் மார்க் கொடுங்க” என்று கேட்டு வாங்க முடிந்தது.

பட்டாசில் இன்னும் ஒரு படி மேலே. குருவி படம் போட்டது குருவி வெடி, லட்சுமி படம் போட்டது லட்சுமி வெடி. லேபிளில் இருந்த படமே பொருளின் பெயராகிவிட்டது. இடம் குறைவு, செலவு குறைவு, வாங்குபவருக்கு நேரமும் குறைவு. இந்த மூன்று நெருக்கடிக்குள் வேலையை முடித்ததுதான் அந்த லேபிள்களின் கிரியேட்டிவிட்டி. அழகு அதற்குப் பிறகுதான்.

பசுமை லோகோ எங்கே சறுக்குகிறது?

முதல் சிக்கல், நிறம். பட்டாசுப் பெட்டி ஏற்கெனவே கண்ணைப் பறிக்கும் நிறங்களின் திருவிழா. அதில் ஒரு பச்சை முத்திரை தனியாகத் தெரியாது. இன்னொரு வேடிக்கையும் உண்டு: வானத்தில் பச்சை ஒளி தருவது பேரியம். அதைத் தவிர்த்த பட்டாசுக்குத்தான் பச்சை அடையாளம்!

இரண்டாவது, நகல். லோகோ ஒரு படம். எந்தப் படத்தையும் யாரும் அச்சிடலாம். சிபிஐ நடத்திய விசாரணையிலேயே தடை செய்யப்பட்ட பேரியம் பயன்பாடும், உள்ளே இருப்பதை மறைக்கும் லேபிள்களும் வெளிவந்தன.

மூன்றாவது, கியூஆர் கோடு. எல்லாப் பெட்டியிலும் ஒரே கோடு இருந்தால், போலிப் பெட்டியை ஸ்கேன் செய்தாலும் அசல் பக்கம்தான் திறக்கும். 2025 தீபாவளிக்கு டெல்லியில் பசுமைப் பட்டாசை அனுமதித்தபோதும் உச்ச நீதிமன்றம் கியூஆர் கோடு சோதனையைத்தான் நம்பியது. ஆகவே, அந்தக் கட்டம் சரியாக வேலை செய்தே ஆக வேண்டும்.

வேறு யார் சரியாகச் செய்தார்கள்?

உணவுப் பொட்டலத்தில் வரும் சைவ, அசைவக் குறியைப் பாருங்கள். முன்பு இரண்டுமே சதுரத்துக்குள் வட்டம். ஒன்று பச்சை, ஒன்று பழுப்பு. நிறக்குருடு உள்ளவர்களுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். அதனால் 2020 விதிமுறைகளில் அசைவக் குறி முக்கோணமாக மாறியது. சின்ன மாற்றம்தான். ஆனால், பயன்படுத்துபவரின் கண்ணிலிருந்து யோசித்த மாற்றம்.

சிகரெட் பெட்டியில் 2016 முதல் 85 சதவீதப் பரப்பு எச்சரிக்கைக்கு. அங்கே அளவே செய்தி. தேடிப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை.

அப்போ என்ன செய்யலாம்?

பட்டாசுக்கும் இதே வழி பொருந்தும். நிறத்தை நம்பாமல் தனி வடிவம். எல்லாப் பெட்டியிலும் ஒரே இடம், ஒரே அளவு. பெட்டிக்குப் பெட்டி மாறும் கோடு. ஸ்கேன் செய்தால் தமிழில் பொருளின் பெயர், தயாரிப்பாளர் பெயர், பெட்டியின் படம். இதை அலுவலகத் திரையில் பார்த்து ஓகே சொல்லக் கூடாது. கூட்டம் நிறைந்த கடையில், மங்கிய வெளிச்சத்தில், அவசரத்தில் இருப்பவரிடம் கொடுத்துப் பார்க்க வேண்டும்.

அதுவரை நாம் செய்யக்கூடியது ஒன்றுண்டு. லோகோவோடு நிறுத்தாதீர்கள். ஸ்கேன் செய்து, திரையில் வரும் பெயரும் பெட்டியில் இருக்கும் பெயரும் ஒன்றா என்று பாருங்கள். தயாரிப்பாளர் பெயரே இல்லாத பெட்டி என்றால், கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். விதிப்படி மாறிய ஆலைக்கும், அங்கே வேலை பார்க்கும் தொழிலாளிக்கும் நாம் செய்யும் நியாயம் அதுதான்.