கடன் வாங்கிச் சேவை கற்பதா?

வேடசந்தூர்ப் பக்கம் நூற்பாலையில் ஷிப்டு பார்க்கிற தொழிலாளியின் மகள் பி.ஏ. முடித்துவிட்டாள். நிலக்கோட்டையில் பூப்பறிக்கிற தாயின் மகனும் முடித்துவிட்டான். இருவரும் எம்.எஸ்.டபிள்யூ. என்னும் சமூகப் பணிப் படிப்புக்குப் போக ஆசைப்படுகிறார்கள். பாங்கில் கடன் தருகிறார்களாம். பெற்றோர் கையெழுத்துப் போடலாமா?

சமூக சேவை நமது ஜில்லாவுக்குப் புதிதல்ல. டாக்டர் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் சின்னாளபட்டி அருகே காந்திகிராமத்தை 1947இல் துவக்கினார்கள். 1956இல் அங்கு கிராமிய உயர்கல்வி நிலையம் வந்தது. 1976இல் அது பல்கலைக் கழக அந்தஸ்துப் பெற்றது. மில் தொழிலாளிக்கு இந்தப் படிப்பு வேறு வழியிலும் பழக்கம். 500 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் ஆலையில் லேபர் வெல்பேர் ஆபீசர் இருக்க வேண்டும் என்று 1948ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம் விதித்தது. அந்த ஆபீசர் யார் பக்கம் நின்றார் என்பதை நாம் சொல்லித்தர வேண்டியதில்லை! ஆனால் அது படிப்பின் குற்றமல்ல. அடிபட்ட குழந்தையை மீட்கவும், குடியால் சிதைந்த குடும்பத்தைத் தேற்றவும், விதவைக்குப் பென்ஷன் வாங்கித் தரவும் படித்த ஊழியர் வேண்டும். அதற்கு நம் வீட்டுப் பிள்ளைகளைவிடத் தகுந்தவர் யார்?

ஆகவே கேள்வி படிப்பைப் பற்றியதல்ல, கணக்கைப் பற்றியது.

ரூ.2 லட்சம் கடன் என்று வைத்துக்கொள்வோம். வருஷத்துக்கு ஒரு லட்சம், வட்டி 10 சதம். படிப்பு இரண்டு வருஷம், அப்புறம் ஒரு வருஷம் அவகாசம். அந்த மூன்று வருஷத்தில் தவணை இல்லை. ஆனால் வட்டி தூங்குவதில்லை, ரூ.50,000 ஏறிவிடும். இரண்டரை லட்சத்தை ஏழு வருஷத்தில் அடைக்க மாதம் சுமார் ரூ.4,150 கட்ட வேண்டும். மொத்தம் மூன்றரை லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. 15 வருஷமாக நீட்டினால் தவணை சுமார் ரூ.2,690 ஆகக் குறையும், மொத்தம் ரூ.4.8 லட்சத்தைத் தாண்டும்.

சம்பளம் என்ன? தனியார் தொண்டு ஸ்தாபனங்களை விடுங்கள். அங்கே நிதி நின்றால் வேலையும் நின்றது. சர்க்காரையே பார்ப்போம். மத்திய சர்க்காரின் 'மிஷன் வாத்சல்யா' திட்டத்தின்படி, ஜில்லா குழந்தைகள் பாதுகாப்பு அலகில் சமூகப் பணியாளருக்கு மாதத் தொகுப்பூதியம் ரூ.18,536. புறத்தொடர்புப் பணியாளருக்கு ரூ.10,592. இரண்டும் ஒப்பந்த வேலை. இரண்டாவது வேலைக்குப் பெரிய படிப்பே தேவையில்லை. ஆனால் முதல் வேலை கிடைக்காத பட்டதாரி வேறு எங்கே போவார்?

தவணையைக் கழியுங்கள். முதலாமவர் கையில் மிஞ்சுவது ரூ.14,386. இரண்டாமவருக்கு ரூ.6,442, மாதம் 26 நாள் என்று வகுத்தால் நாளொன்றுக்கு ரூ.248. தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு 2025-26இல் அறிவித்த கூலி ரூ.336. பட்டம் பெற்ற மகள் மண்வெட்டி பிடித்த தாயைவிடக் குறைந்த கூலிக்கு வருகிறாள்!

ஏன் இந்த நிலை? 'சேவை' என்ற சொல்லை வைத்துத்தான். இன்ஜினீயர் செய்வது வேலை, அதற்குச் சம்பளம். குழந்தையைக் காப்பது சேவை, அதற்குத் தொகுப்பூதியம். அங்கன்வாடி ஊழியருக்கு 2018இல் மத்திய சர்க்கார் நிர்ணயித்த ரூ.4,500க்கு மதிப்பூதியம் என்று பெயர். என்ன மதிப்போ! தியாகம் செய்யச் சொல்கிற சர்க்கார், அந்தத் தியாகத்தைக் கற்றுக்கொள்ள வாங்கிய கடனுக்கு வட்டி மட்டும் வசூலிக்கிறது.

வட்டி மானியம் உண்டே என்பார்கள். 2009இல் வந்த அந்தத் திட்டம் வருஷ வருமானம் ரூ.4.5 லட்சத்துக்கு உட்பட்ட குடும்பங்களுக்கானது. அதுவும் தொழிற்கல்வி, தொழில்நுட்பக் கல்விக்கு. அதுவும் படிக்கும் காலத்துக்கும் பின் ஒரு வருஷத்துக்கும்தான். உங்கள் பிள்ளை சேரும் படிப்பு, சேரும் கல்லூரி இதில் அடங்குமா என்று பாங்கு மேனேஜரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வாய்ச்சொல் வேண்டாம்.

கட்ட முடியாமல் போனால்? 2016இல் ஸ்டேட் பாங்கு வசூலாகாத கல்விக் கடன்களை ரிலையன்ஸ் கம்பெனி ஒன்றுக்கு விற்றது. மாணவன் கடன் வாங்கியது பொதுத்துறை பாங்கில். கதவைத் தட்டியது தனியார் கம்பெனி. மறுபுறம் பாருங்கள். 2014-15 முதல் ஒன்பது வருஷத்தில் பாங்குகள் ஏட்டிலிருந்து நீக்கிய கடன் ரூ.14.56 லட்சம் கோடி என்றும், அதில் ஏறத்தாழப் பாதி பெரிய தொழில்களுடையது என்றும் 2023இல் சர்க்காரே பார்லிமெண்டில் சொல்லிற்று. ஏட்டிலிருந்து நீக்குவது தள்ளுபடி அல்ல, வசூல் தொடரும் என்று விளக்கமும் தந்தது. சரி. அந்தப் பொறுமையை ஏன் பூப்பறிக்கிறவளின் மகனிடம் காட்டவில்லை?

முதலாளித்துவத்தின் தலைவீடான அமெரிக்காவில் 2007இல் ஒரு சட்டம் வந்தது. சர்க்கார் வேலையிலோ லாப நோக்கற்ற பொதுப் பணியிலோ இருந்துகொண்டு 120 மாதத் தவணை கட்டியவருக்கு மத்திய சர்க்கார் கொடுத்த படிப்புக் கடனின் மீதி ரத்தாகும். நிபந்தனைகள் ஏராளம், இழுத்தடிப்பும் உண்டு. ஆனாலும் கொள்கையை அங்கேயே ஒப்புக்கொண்டார்கள். டில்லி ஏன் ஒப்புக்கொள்ளவில்லை?

பெற்றோருக்கு நம் யோசனை இது. படிக்க வேண்டாம் என்று சொல்லாதீர்கள். முதலில் சர்க்கார் கல்லூரியையும் உதவி பெறும் கல்லூரியையும் பாருங்கள். குடும்ப வருமானம் ரூ.2.5 லட்சத்துக்குள் இருக்கும் ஆதிதிராவிடர், பழங்குடிக் குடும்பங்களுக்குக் கல்வி உதவித்தொகை உண்டு, அதை விடாதீர்கள். புதுமைப்பெண் திட்டத்தின் ஆயிரம் ரூபாய் பட்டப்படிப்போடு நின்றுவிடும் என்பதையும் கணக்கில் வையுங்கள். அதற்குப் பிறகும் கடன் வேண்டுமென்றால், தவணை நாலு நாள் சம்பளத்துக்கு மேல் போகாதபடி வாங்குங்கள். சம்பளம் என்று நாம் சொல்வது கல்லூரி விளம்பரத்தில் உள்ளதை அல்ல, ஒப்பந்தத் தாளில் உள்ளதை.

சர்க்காரிடம் நாம் கேட்பது: குழந்தைகள் பாதுகாப்பு வேலையை நிரந்தர வேலையாக்கு, காலமுறைச் சம்பளமும் பஞ்சப்படியும் கொடு. வேலை கிடைத்த பிறகே தவணையைத் துவக்கு. கல்விக் கடனை எந்தக் கம்பெனிக்கும் விற்காதே.

அந்த ரூ.18,536 ஊழியர் நம் சங்கக் கூட்டத்துக்கு வந்தால், ஆபீசர் என்று எண்ணி ஓரமாக நிறுத்தி வைக்காதீர்கள். கூப்பிட்டு நடுவில் உட்கார வையுங்கள்.