வலி ஓரிடம், வினை வேறிடம்

சென்ற மாதம் ஒரு மாலை, திருமலை நாயக்கர் மகாலுக்குப் பக்கத்துத் தெரு ஒன்றில் சுங்குடி முடிச்சுப் போடும் ஓர் அம்மாளைப் பார்க்கப் போயிருந்தேன். புடவையைப் பற்றி எழுதத்தான் போனேன். திரும்பி வந்து பார்த்தால், என் குறிப்புப் புத்தகத்தில் புடவையைவிட அந்த அம்மாளின் தோள்பட்டையைப் பற்றித்தான் அதிகம் இருந்தது!

ஒரு புடவைக்கு ஆயிரக்கணக்கில் முடிச்சு. ஒரு கை நகத்தால் துணியைக் கிள்ளிப் பிடித்து, மறு கையால் நூலைச் சுற்றி இறுக்க வேண்டும். சாயம் ஏறாமல் முடிச்சுக்குள் ஒளிந்துகொண்ட இடந்தான் பிறகு புள்ளியாக மலருகிறது. குனிந்த தலை நிமிராமல், தூக்கிய தோள் இறங்காமல் மணிக்கணக்காக இந்த வேலை. ஒன்பது வயதில் பிடித்த நூலை அறுபதிலும் அவர் விடவில்லை. உட்கார்ந்தால்தானே கூலி?

போன வருஷம் அவருக்கு இடது கையில் வலி வந்தது. தோளின் முன்பக்கம் ஆரம்பித்துக் கட்டைவிரல் வரையில். ராத்திரி அந்தப் பக்கம் சாய முடியாது. அக்கம்பக்கத்தார் வழக்கம்போல், "வாயுப் பிடிப்பு" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். பூண்டும் பெருங்காயமும் உள்ளே போயின. தைலம் வெளியே ஊறிற்று. மகன் ஒருவன்தான், "இடது கை வலி விளையாட்டில்லை" என்று ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய் ஈ.ஸி.ஜி. எடுக்க வைத்தான். நல்ல காலம், இதயத்தில் கோளாறு இல்லை. அதன் பிறகு பிஸியோதெரபி பார்க்கும் பெண் ஒருத்தி, முதுகுப்புறம் தோள்பட்டை எலும்பின் மேலுள்ள சதையை விரலால் தடவிக்கொண்டே வந்து, ஓரிடத்தில் அழுத்தினாள். "ஐயோ!" என்று கத்திவிட்டார் அம்மாள். அழுத்தியது முதுகில், வலி பாய்ந்தது கட்டைவிரலுக்கு!

"துணியில போட்ட முடிச்சுன்னா கண்ணை மூடிக்கிட்டு அவுத்துடுவேன், தம்பி. இது வலிக்கிறது ஒரு எடம், இருக்கிறது ஒரு எடம். யாரு கண்டா?" என்றார் என்னிடம்.

இந்தச் சதை முடிச்சுக்கு டாக்டர்கள் 'டிரிக்கர் பாயிண்ட்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். துப்பாக்கியின் விசை ஓரிடத்தில் இருக்கிறது. குண்டு பாய்வது வேறிடத்தில் அல்லவா? அதுபோலத்தான். 1938-ல் லண்டனில் கெல்கிரென் என்ற இளம் டாக்டர், சதைக்குள் உப்பு நீரை ஊசியால் ஏற்றிப் பார்த்தார். தம் உடம்பையும் அவர் விட்டுவைக்கவில்லை. ஊசி குத்திய இடத்துக்கு வெகு தூரத்தில் வலி தெரிந்தது.

காரணம் இது. தோள்பட்டைச் சதையிலிருந்து புறப்படும் நரம்பும் கையிலிருந்து வரும் நரம்பும் தண்டுவடத்தில் ஏறக்குறைய ஒரே வாசலில் நுழைகின்றன. செய்தி எந்த வீட்டிலிருந்து வந்தது என்று மூளைக்குக் குழப்பம். பழைய நம்பர், புது நம்பர் இரண்டும் எழுதிய நம் தெருக்களில் தபால்காரர் படுகிற பாடு உங்களுக்குத் தெரியுமே!

இந்த விஷயத்தை உலகத்துக்குப் பிரபலப்படுத்தியவர் ஜேனட் டிராவெல் என்ற அமெரிக்கப் பெண் டாக்டர். 1955-ல் ஊன்றுகோலுடன் அவரிடம் முதுகு வலிக்காகப் போன ஒரு செனட்டர், பிற்பாடு ஜனாதிபதியானார். அவர்தான் ஜான் கென்னடி. டிராவெல் அம்மையார் சதை முடிச்சுகளில் நோவோகெயின் ஊசி போட்டார். ஒரு கால் சற்றுக் குட்டை என்று கண்டு செருப்பின் குதியை உயர்த்தினார். ஆடும் நாற்காலியில் உட்காரச் சொன்னார். 1961-ல் அவரே ஜனாதிபதியின் வைத்தியரானார். அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண்மணி அவர்தான். ஆனால் ஊசி மட்டும் போதவில்லை. அதே வருஷக் கடைசியில் ஹான்ஸ் கிராஸ் என்ற டாக்டர் வந்து, கென்னடியைத் தேகப்பயிற்சி செய்ய வைத்தார். இதைச் சிலர் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள்.

டாக்டர்கள் எல்லாரும் இதில் ஒரே கட்சி என்று எண்ணிவிடாதீர்கள். இந்த முடிச்சு எக்ஸ்ரேயில் தெரியாது. ஒரே தோளை இரண்டு நிபுணர்கள் தடவினால் இரண்டு இடத்தைக் காட்டுவதும் உண்டு. முடிச்சு என்பதே சரியான விளக்கமில்லை, நரம்பைப் பாருங்கள் என்று 2015-ல் ஒரு மறுப்புக் கட்டுரையும் வந்தது. வலி இடம் மாறித் தெரிகிறது என்பதில் மட்டும் தகராறு இல்லை.

அதற்கு நானே சாட்சி. ஆறு மாதம் நெற்றிப்பொட்டில் வலி. கண்ணாடியை மாற்றினேன். ஒரு பல்லையும் சந்தேகித்தேன். கடைசியில் குற்றவாளி கழுத்துக்கும் தோளுக்கும் நடுவிலுள்ள சதை! ஒரு பக்கத் தோளில் பையும், அதே பக்கக் காதில் செல்போனுமாக அலைந்த பலன். புதுக் கண்ணாடிக்குக் கொடுத்த பணம் போனது போனதுதான்.

முன்பு புது மண்டபத்துத் தூண்களுக்கிடையே உட்கார்ந்திருந்த தையல்காரர்களையும், விடியுமுன் மல்லிகை பறிக்கிறவர்களையும், சோழவந்தான் வயலில் நாற்று நடும் பெண்களையும் நினைத்துப் பாருங்கள். ஒரே நிலையில் நெடுநேரம் வேலை செய்யும் சதைதான் இப்படிப் பிடித்துக்கொள்கிறது. அரை மணிக்கு ஒரு தரம் எழுந்து தோளை உருட்டி, கையை நீட்டி மடக்கினாலே பாதிச் சங்கடம் குறையும். வெந்நீர் ஒத்தடம் நல்லது. சதையை அரை நிமிஷம் நிதானமாக அழுத்தி விடலாம். பல்லைக் கடித்துக்கொள்ளும் அளவுக்கு வேண்டாம். முதுகெலும்பின் மேலும் கழுத்தின் முன்பக்கத்திலும் கை வைக்கவே கூடாது.

சில சலூன்களில் முடி வெட்டி முடிந்ததும் தலையைப் பிடித்து 'மளுக்'கென்று நெட்டி முறிப்பார்களே, அதற்கு மட்டும் தலையைக் கொடுக்காதீர்கள். கழுத்தின் வழியே மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் கிழிந்து ஆபத்தில் முடிந்தது உண்டு. இது என் மாமாவுக்குப் பிடிக்காத வாக்கியம். அவருக்கு நெட்டி முறிக்காவிட்டால் முடி வெட்டிய மாதிரியே இல்லையாம்.

கை கால் மரத்தாலோ, பலமிழந்தாலோ, வலியோடு காய்ச்சல் வந்தாலோ, சிறுநீர் கட்டுப்படாவிட்டாலோ தடவிக்கொண்டிருக்கக் கூடாது. டாக்டரிடம் போக வேண்டும். நெஞ்சு இறுக்கமும் வியர்வையும் மூச்சுத் திணறலும் வந்தால், "வாயுப் பிடிப்பு" என்று பெருங்காயம் தேடாமல் 108-ஐக் கூப்பிடுங்கள். சதைப்பிடிப்பு இதய நோய் மாதிரி வேஷம் போட்டால் பரவாயில்லை. இதய நோய் சதைப்பிடிப்பு மாதிரி வேஷம் போட்டுக்கொண்டு வந்துதான் எத்தனையோ வீடுகளை ஏமாற்றியிருக்கிறது.

சுங்குடி அம்மாளுக்கு இப்போது முக்கால்வாசி தேவலை. காலையும் மாலையும் சுவரோரம் நின்று, முதுகுக்கும் சுவருக்கும் நடுவே பேரனின் ரப்பர் பந்தை வைத்து மெல்ல உருட்டுகிறார். பேரன்தான் பந்தைக் கேட்டு அழுதுகொண்டிருந்தான். புதுசு வாங்கித் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். இன்னும் வாங்கவில்லை.