தாத்தாவோட தாத்தா பேர் என்ன?

"நம்மாளுகளுக்கு வரலாற்று உணர்வே இல்ல. வெள்ளைக்காரன் ஏழு தலைமுறை சொல்றான்." இந்தப் புலம்பலை இன்னும் எத்தனை பதிவுல படிக்கறது சாமி?

அவன் ஞாபகத்துல இருந்து சொல்லலைங்க, எடுத்துப் பாத்துச் சொல்றான். இங்கிலாந்துல 1921-ல வீடு வீடா எழுதின சென்சஸ் தாளை நூறு வருஷம் பூட்டி வச்சு, 2022 ஜனவரியில திறந்துட்டாங்க. அமெரிக்காவுல 72 வருஷம். 1950 சென்சஸ் 2022 ஏப்ரல்ல வந்தாச்சு.

இங்க? 1948 சென்சஸ் சட்டம், 15-வது பிரிவு: கணக்கெடுத்தவர் எழுதின பதிவேட்டைப் பாக்க யாருக்கும் உரிமை இல்லை. நூறு வருஷம் கழிச்சுன்னு ஒரு கெடுவும் கிடையாது.

கொடுமையைக் கேளுங்க. 1860-லேர்ந்து 1911 வரை நேட்டாலுக்குக் கரும்புக்காட்டு வேலைக்குப் போன கூலிகளுக்குக் கப்பல் பட்டியல் இருக்கு. பேர், அப்பா பேர், வயசு, ஊர் எல்லாம் அதுல உண்டு. அதை வச்சுத்தான் அவங்க பேரப்பிள்ளைங்க இங்க ஊர் தேடறாங்க. கப்பல் ஏறின அண்ணனுக்குச் சீட்டு இருக்கு. ஊர்லயே உழுத தம்பிக்கு ஒண்ணுமில்ல.

அந்தரங்கம் போயிடும், சாதிப்பெருமை வளரும்னு சண்டைக்கு வராதீங்க. நூறு வருஷம் தாராளமா பூட்டட்டும். பெருமை பேசறவன்கிட்ட பத்திரமும் பட்டாவும் ஏற்கனவே இருக்கு. சென்சஸ் தாள் தேவைப்படறது நிலமும் பத்திரமும் இல்லாதவனுக்கு.

2027 கணக்கெடுப்பு டிஜிட்டல்தானே? 2127-ல திறக்கலாம்னு சட்டத்துல ஒரு வரி சேருங்கய்யா. பொட்டி தட்டறவனா சொல்றேன், ஒரு தேதியைச் சேர்க்கறது மலையைப் பொரட்டற வேலை இல்ல.

இல்லேன்னா நம்ம எள்ளுப்பேரனும் இதே புலம்பலைத்தான் எழுதிட்டிருப்பான்.