கடைப் பையனை வளர்த்தால் கடையின் பெயர் நிலைக்கும்

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் எந்த வணிகர் கூட்டத்திற்குச் சென்றாலும் ஒரே புலம்பல்தான் காதில் விழுகிறது. "கடைக்கு ஆள் கிடைக்கவில்லை; கிடைத்தாலும் நிலைப்பதில்லை." ஜி.எஸ்.டி., வாடகை, பேரங்காடிப் போட்டி எல்லாவற்றையும் பேசி முடித்த பிறகும் இந்தப் பேச்சு ஓய்வதில்லை. நாம் கேட்க விரும்புவது வேறு. வருகிற ஆளுக்கு நம் கடையில் மேலே ஏற ஒரு படியாவது இருக்கிறதா? மூட்டை தூக்க வந்தவன் பத்து ஆண்டு கழித்தும் மூட்டைதான் தூக்குவான் என்றால், அவன் ஏன் நிலைத்து நிற்க வேண்டும்?

இதற்கு விடையாக ஒரு தொழிலாளியின் வரலாற்றை வணிகப் பெருமக்கள் முன் வைக்கிறோம். அவர் ஆஸ்திரேலியாவில் திராட்சை ஒயின் தயாரித்தவர். மது வகைக்கு ஆதரவாக எழுதுகிறோம் என்று யாரும் எண்ண வேண்டாம். தமிழ்நாட்டில் மதுவின் சில்லறை விற்பனை 2003 முதல் டாஸ்மாக் கையில் இருக்கிறது; மளிகைக்காரருக்கும் அதற்கும் தொடர்பில்லை. நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அந்தச் சரக்கை அல்ல, அந்த நிறுவனம் ஆளை வளர்த்த விதத்தை.

நிறுவனத்தின் பெயர் பென்போல்ட்ஸ். இங்கிலாந்திலிருந்து குடியேறிய மருத்துவர் கிறிஸ்டோபர் பென்போல்டும் அவர் மனைவி மேரியும் 1844இல் அடிலெய்டு நகரை அடுத்த மகில் என்ற இடத்தில் கொடி நட்டுத் தொடங்கியது அது. நோயாளிகளுக்கு உடல் தேற டானிக் போலக் கொடுப்பதற்காகத்தான் முதலில் ஒயின் தயாரித்தார்கள். மருத்துவர் வைத்தியம் பார்க்க, தோட்டத்தையும் தயாரிப்பையும் பெரும்பாலும் மேரி அம்மையார் கவனித்தார். 1870இல் கணவர் இறந்த பிறகு நிறுவனத்தை அவரே ஏற்று நடத்தி வளர்த்தார்.

இந்த நிறுவனத்தில் 1931இல் மேக்ஸ் ஷூபர்ட் என்ற 16 வயதுப் பையன் எடுபிடி வேலைக்குச் சேர்ந்தான். கடிதம் கொண்டுபோய்க் கொடுப்பது, சொன்னதைச் செய்வது, குதிரைகளைப் பார்த்துக்கொள்வது, இவைதாம் வேலை. ஆனால் பையன் சூட்டிகையானவன் என்று கண்டவர்கள் அவனை அங்கேயே நிறுத்திவிடவில்லை. சோதனைக்கூடத்தில் கூட வைத்துக்கொண்டார்கள். பிறகு மகிலுக்கு மாற்றினார்கள். மாலை வகுப்பில் வேதியியல் படிக்க வழி கிடைத்தது. இரண்டாம் உலகப் போரில் படையில் சேர்ந்து பல முனைகளில் பணியாற்றித் திரும்பியவரை நிறுவனம் மறுபடி ஏற்றுக்கொண்டது. 1948இல் அவரே தலைமைத் தயாரிப்பாளர். எடுபிடியாக நுழைந்து 17 ஆண்டில் அந்த நாற்காலி!

அடுத்து நடந்ததுதான் முக்கியம். ஷெர்ரி என்ற ஒயின் வகையின் தயாரிப்பு முறையைப் பார்த்து வர நிறுவனம் அவரை ஐரோப்பாவுக்கு அனுப்பியது. போன இடத்தில் பிரான்ஸ் நாட்டின் போர்டோ பகுதியையும் பார்த்தார். நாற்பது, ஐம்பது ஆண்டு கடந்தும் கெடாமல் மேலும் சிறந்து நிற்கும் ஒயின்களை அங்கே சுவைத்தார். நம் ஊரில் ஏன் இது முடியாது என்று எண்ணியபடி திரும்பினார். பிரெஞ்சுக்காரர்கள் பயன்படுத்திய திராட்சை தென் ஆஸ்திரேலியாவில் அப்போது போதிய அளவு கிடைக்கவில்லை. கைக்கு எட்டாத சரக்கை நினைத்து ஏங்காமல், உள்ளூரில் தாராளமாக விளைந்த ஷிராஸ் திராட்சையை எடுத்துக்கொண்டார். 1951இல் ஐந்து புதிய ஓக் மரப் பீப்பாய்களில் முதல் சோதனை நடந்தது. நிறுவனரின் வீட்டுப் பெயரையே அதற்கு வைத்தார்கள்: கிரேஞ்ச்.

சில ஆண்டு கழித்து சிட்னி தலைமை அலுவலகம் மாதிரி கேட்டது. பெரிய மனிதர்கள், சுவை வல்லுநர்கள் முன்னிலையில் புட்டிகள் திறக்கப்பட்டன. ஒருவருக்கும் பிடிக்கவில்லை. நசுக்கிய எறும்பின் வாடை என்றுகூட ஏளனம் எழுந்தது. விற்காத சரக்கு கிடங்கில் சேர்ந்து முதல் முடங்குகிறதே என்ற கவலையும் நிர்வாகத்திற்கு இருந்தது. 1957இல் தயாரிப்பை நிறுத்தச் சொல்லி உத்தரவு வந்துவிட்டது.

அவர்கள் சுவைத்தது இளம் சரக்கு. நமக்கு இது புரியாத விஷயமல்ல. புதிய அரிசியை வடித்துப் பார்த்து, குழைகிறது என்று தள்ளிவிட்டால் செங்குன்றத்து அரிசி மண்டிக்காரர் என்ன சொல்வார்? "பழசாகட்டும் ஐயா" என்பார். கிரேஞ்சும் அப்படிப்பட்ட சரக்குதான். புது மரப் பீப்பாயின் துவர்ப்பும் திராட்சைத் தோலின் துவர்ப்பும் அடங்கி இணைய ஆண்டுகள் வேண்டும்.

ஷூபர்ட் நிறுத்தவில்லை. மகிலில் நிர்வாகப் பொறுப்பில் இருந்த ஜெப்ரி பென்போல்ட் ஹைலண்ட் துணை நிற்க, 1957, 1958, 1959 ஆகிய மூன்று ஆண்டும் சிட்னிக்குத் தெரியாமல் குறைந்த அளவில் தயாரித்து நிலவறைகளில் வைத்தார். புதிய பீப்பாய் வாங்கப் பணம் கேட்க முடியாததால் பழையவற்றையே பயன்படுத்தினார். இதற்குள் முந்தைய ஆண்டுகளின் புட்டிகள் முதிர்ந்து குணம் மாறியிருந்தன. மறுபடி சுவைத்த நிர்வாகம் 1960இல் தானே தயாரிப்பைத் தொடங்கச் சொன்னது. 1955ஆம் ஆண்டுச் சரக்கு 1962இல் சிட்னி கண்காட்சியில் தங்கப் பதக்கம் பெற்றது. தொடர்ந்து ஏராளமான பதக்கங்களை அள்ளியது. 1988இல் லண்டனிலிருந்து வரும் டிகாண்டர் இதழ் ஷூபர்ட்டை அந்த ஆண்டின் சிறந்த மனிதராகத் தேர்ந்தெடுத்தது. 1994இல் அவர் மறைந்தார். அதற்கு அடுத்த ஆண்டு 1990ஆம் ஆண்டின் கிரேஞ்சை அமெரிக்காவின் ஒயின் ஸ்பெக்டேட்டர் இதழ் உலகின் சிறந்த ஒயினாக அறிவித்தது.

முதலாளிக்குத் தெரியாமல் வேலை செய்யலாம் என்பதல்ல நாம் சொல்ல வருவது. அது எந்தக் கடைக்கும் ஆகாது. முதலாளி தரப்பிலேயே ஒருவர் அவர் மீது நம்பிக்கை வைத்து நின்றார் என்பதைத்தான் கவனிக்க வேண்டும். அந்த ஒருவர் இல்லையென்றால் கிரேஞ்ச் 1957இலேயே முடிந்திருக்கும்.

இன்னொன்றையும் பாருங்கள். 1976இல் நிறுவனம் பென்போல்ட் குடும்பத்தின் கையைவிட்டுப் போனது. பின்னரும் உடைமை பல கை மாறியது. ஆனால் பெயர் சாயவில்லை. 1975இல் ஷூபர்ட் தமது பொறுப்பை டான் டிட்டரிடம் கொடுத்தார்; அவர் 1986இல் ஜான் டுவாலிடம் கொடுத்தார்; அவரிடமிருந்து 2002இல் பீட்டர் காகோ ஏற்றார். முதலாளிகள் மாறினாலும் தொழில் கையிலிருந்து கைக்குச் சரியாகப் போய்ச் சேர்ந்தது. பாரம்பரியம் என்பது பெயர்ப் பலகையில் எழுதிய ஆண்டு மட்டுமல்ல என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

நம் தொழிலுக்கு இது புதிதும் அல்ல. தூத்துக்குடி, திருநெல்வேலிச் சீமையிலிருந்து பையன்கள் சென்னைக்கு வந்து, கடை கூட்டி, பொட்டலம் மடித்து, தராசு பிடித்து, பிறகு கல்லாவில் உட்கார்ந்து, கொள்முதலுக்குப் போய், கடைசியில் அண்ணாச்சியின் கைதூக்கலால் தனிக்கடை வைத்தார்கள். நம் பகுதிக் கடைவீதிகளில் அப்படி எழுந்த கடைகள் எத்தனை! அந்தப் படிக்கட்டை இப்போது நாமே எடுத்துவிட்டோமோ என்று ஐயம் எழுகிறது. உள்ளூர்ப் பிள்ளைகள் எஸ்டேட் கம்பெனிகளுக்கும், வீடு தேடிப் பொருள் கொடுக்கும் வேலைக்கும் போகிறார்கள். பீகார், ஒடிசா, அசாமிலிருந்து வரும் இளைஞர்கள் ஆறே மாதத்தில் தமிழ் பேசி வாடிக்கையாளரைக் கவர்கிறார்கள். அவர்களை நாம் கிடங்கைத் தாண்டி விடுகிறோமா? நம் பிள்ளைகளோ படித்துக் கம்ப்யூட்டர் வேலைக்குப் போய்விட்டார்கள். அப்படியானால் நாளை கல்லாவில் உட்காரப் போவது யார்?

ஆகவே சில யோசனைகளைப் பணிவுடன் முன்வைக்கிறோம்.

முதலாவது, 14 வயது நிரம்பாதவரை வேலைக்கு வைப்பதை 2016ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் தடுக்கிறது. பள்ளி முடித்து வரும் இளைஞரையே எடுப்போம். இரண்டாவது, கடை ஊழியருக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021இல் சட்டம் வந்தது. அதைச் சட்டத்திற்குப் பயந்து செய்யாமல் மனமுவந்து செய்வோம். மூன்றாவது, ஓராண்டு கடந்த ஊழியருக்குப் பில் போடவும் இருப்புக் கணக்கு எழுதவும் கற்றுத் தருவோம். நான்காவது, நம்பிக்கைக்குரியவரிடம் ஏதேனும் ஒரு சரக்கின் கொள்முதலை, பருப்போ மிளகாயோ, முழுவதும் ஒப்படைத்துப் பார்ப்போம். முதல் மாதமே லாபம் காட்டவில்லை என்று பிடுங்கிவிடாமல் ஒரு பருவமாவது பொறுப்போம். ஐந்தாவது, சங்கத்தின் சார்பில் வாரம் ஒரு மாலை ஊழியர்களுக்குக் கணக்கு வகுப்பு நடத்தலாம். ஒரு மொத்தக் கடை கிடங்கில் இடம் கொடுத்தால் போதும்.

தொழில் கற்றவன் பக்கத்துத் தெருவில் கடை போட்டுவிடுவான் என்று சிலர் அஞ்சுவார்கள். போடட்டுமே! அவன் மொத்தச் சரக்கு எடுக்க முதலில் வருவது நம்மிடம்தான். போகாமல் நம்மோடு நின்றால், உழைக்கும் பங்காளியாக ஒரு சிறு பங்கு கொடுப்பதிலும் தவறில்லை. மூன்று தலைமுறைக் கடை, வாரிசு இல்லாமல் பூட்டப்படுவதைவிட அது எவ்வளவோ மேல்.

இன்று உங்கள் கடையில் மூட்டை இறக்கும் இளைஞனின் பெயரை ஒருமுறை கேளுங்கள். அவனுக்குக் கணக்கு எழுதத் தெரியுமா என்றும் கேளுங்கள். தெரியாது என்றால், நாளைக்கே ஒரு நோட்டும் பேனாவும் வாங்கிக் கொடுங்கள்.